பிஎல்சியில் சிவப்பு விளக்கு: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

“சார், சிபியூ போயிடுச்சு. புதுசு வாங்கணுமா?”

பிஎல்சி என்பது மெஷினை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர், சிபியூ அதன் மூளை. வடசென்னையில் அதன் பேனல் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஃபோன் பழகிப்போனது. வியாசர்பாடியில் பேக்கிங் மெஷின், மணலியில் டோஸிங் பம்ப், திருவொற்றியூரில் ரப்பர் மோல்டிங் பிரஸ், காசிமேட்டில் ஐஸ் ஆலை கம்ப்ரசர் என்று இடம் மட்டும்தான் மாறும். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: “பவரை ஆஃப் பண்ணிட்டீங்களா, இன்னும் இல்லையா?”

இன்னும் இல்லை என்றால் வேலை பாதி குறைந்தது. பவரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சில ஃபால்ட் (பிஎல்சி தானே கண்டு நிற்கும் கோளாறு) போய்விடும், உண்மைதான். ஆனால் அதோடு சேர்ந்து அது ஏன் வந்தது என்பதற்கான தடயமும் பல மாடல்களில் போய்விடும். நாளை அதே நேரத்துக்கு அதே ஃபால்ட் வரும். மூன்றாவது தடவை வரும்போது யாரோ ஒருவர் சிபியூவை மாற்றச் சொல்லுவார், காசும் போகும். மாற்றிய பிறகும் ஃபால்ட் வந்துகொண்டே இருந்த பேனல்களைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் கோளாறு சிபியூவில் இல்லை, அதற்குப் போகும் 24 வோல்ட்டில் இருந்தது.

கீழே உள்ளதை அறிகுறி பார்த்துப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## எதையும் தொடுவதற்கு முன்

முதலில் மெஷின். பிஎல்சி ஃபால்ட்டில் நின்றால் அவுட்புட் எல்லாம் ஆஃப் ஆகிவிடும் என்று நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். ஃபால்ட் வந்தால் கடைசி நிலையிலேயே நிற்கும்படி சில அவுட்புட் கார்டுகளை செட் செய்திருப்பார்கள். பிரஸ் மேலே நிற்கிறதா, ஹாயிஸ்டில் சுமை தொங்குகிறதா, நியூமேட்டிக் லைனில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி, காற்றை வெளியேற்றி, மெயின் மோட்டார் ஐசொலேட்டரைப் பூட்டிவிட்டு அப்புறம் பேனலுக்கு வாருங்கள்.

அடுத்தது செல்ஃபோன். சிபியூ, பவர் சப்ளை, எல்லா கார்டுகளின் விளக்குகளும் தெரியும்படி ஒரு வீடியோ எடுங்கள். புகைப்படம் போதாது. விளக்கு நிலையாக எரிகிறதா சிமிட்டுகிறதா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது, அது புகைப்படத்தில் தெரியாது. நாலெழுத்து ஓடும் டிஸ்ப்ளே உள்ள மாடல் என்றால் எழுத்து ஒரு முழுச் சுற்று வரும்வரை எடுங்கள்.

லேப்டாப்பும் கேபிளும் சாஃப்ட்வேரும் கையில் இருந்தால், பவரைத் தொடுவதற்கு முன்பே ஆன்லைன் போய் ஃபால்ட் கோடைக் குறித்துக்கொள்ளுங்கள். சீமென்ஸ் என்றால் டயக்னாஸ்டிக் பஃபர், அலன் பிராட்லி லாஜிக்ஸ் வகை என்றால் கண்ட்ரோலர் ப்ராப்பர்ட்டீஸில் மேஜர் ஃபால்ட்ஸ் டேப், மைக்ரோலாஜிக்ஸ் என்றால் ஸ்டேட்டஸ் ஃபைலில் எஸ்:6, மிட்சுபிஷி எஃப்எக்ஸ் என்றால் டி8060-இலிருந்து தொடங்கும் ரெஜிஸ்டர்கள்.

கடைசியாக, அங்கிருக்கும் ஆபரேட்டரிடம் ஒரு கேள்வி: “அண்ணே, நின்னப்போ வேற என்ன நடந்துச்சு?” கரண்ட் போய் வந்ததா, ஜெனரேட்டர் மாறியதா, பக்கத்தில் வெல்டிங் நடந்ததா, மழைத் தண்ணீர் சொட்டியதா? இந்தப் பதில் பல நேரம் லேப்டாப்பை விட வேகமாக இடத்தைக் காட்டிவிடும்.

## அறிகுறி: ஒரு விளக்குமே எரியவில்லை

இது ஃபால்ட் இல்லை, சப்ளை இல்லை. ஆனாலும் “சிபியூ செத்துப்போச்சு” என்று வருவதில் இதுவும் சேர்த்திதான், அதனால் சீக்கிரம் முடித்துவிடலாம்.

எம்சிபி ட்ரிப் ஆகியிருக்கிறதா, டெர்மினலில் இருக்கும் கண்ணாடி ஃப்யூஸ் போயிருக்கிறதா, 24 வோல்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்சின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் எங்கோ 24 வோல்ட் ஷார்ட் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்சின் அவுட்புட் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். விளக்கு நிலைத்தால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு ஃபீல்டில். ப்ராக்ஸிமிட்டி சென்சார் கேபிள்தான் முதல் சந்தேகம், நசுங்கியிருக்கும். வயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டால் எது இழுத்துப்போடுகிறது என்று தெரிந்துவிடும். சிபியூவின் டெர்மினலிலேயே 24 வோல்ட் நிற்கிறது, அப்போதும் இருட்டு என்றால் மட்டும் சிபியூவைச் சந்தேகியுங்கள்.

## அறிகுறி: சிவப்பு சிமிட்டுகிறது

பயப்பட வேண்டாம். சிமிட்டும் சிவப்பு பெரும்பாலும் மீட்கக்கூடிய ஃபால்ட். கண்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, ப்ரோக்ராமில் ஏதோ ஒன்று ஒத்துவராமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

லாஜிக்ஸ் வகையில் நான் அதிகம் பார்ப்பது மூன்று. டைப் 4 கோடு 20: அரேயின் (வரிசைப் பட்டியலின்) எல்லையைத் தாண்டி ஒரு எண் போய்விட்டது. ஹெச்எம்ஐயில் (ஆபரேட்டர் திரையில்) யாரோ ரெசிபி எண்ணைத் தப்பாக அடித்தாலே இது வரும். ப்ரோக்ராமில் எந்த ரூட்டீன் (பகுதி), எந்த ரங் (வரி) என்று சாஃப்ட்வேரே காட்டிவிடும். டைப் 6 கோடு 1: டாஸ்க் வாட்ச்டாக், அதாவது ஸ்கேன் (ப்ரோக்ராமின் ஒரு முழுச் சுற்று) முடிய வேண்டிய நேரத்தில் முடியவில்லை. டைப் 3 கோடு 16: கட்டாயம் வேண்டும் என்று செட் செய்த ஐஓ (இன்புட்-அவுட்புட்) கார்டின் தொடர்பு அறுந்தது. முதல் இரண்டும் ப்ரோக்ராம், மூன்றாவது வயரும் கனெக்டரும். கோடைக் குறித்துக்கொண்டு ‘கிளியர் மேஜர்ஸ்’ கொடுத்தால் எழுந்துவிடும். மூல காரணத்தைச் சரி செய்யாவிட்டால் திரும்ப வரும்.

டெல்டா டிவிபியில் எரர் விளக்கு சிமிட்டினால் ப்ரோக்ராம் பிழை, அல்லது பேட்டரி இறங்கிவிட்டது. நிலையாக எரிந்தால் வாட்ச்டாக்; எந்த ஸ்டெப்பில் நின்றது என்று டி1008 சொல்லும். மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூவிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். சிமிட்டல் என்றால் ப்ரோக்ராம் அல்லது பாராமீட்டர், நிலையாக என்றால் வாட்ச்டாக் அல்லது ஹார்டுவேர். டி8061-இல் 6105 இருந்தால் வாட்ச்டாக் என்று உறுதி. அதன் அளவு டி8000-இல் 200 மில்லிசெகண்டாக இருக்கும். அதைக் கூட்டிவிட்டு ஃபால்ட் போய்விட்டது என்று கிளம்புவது சரியான வேலை இல்லை. நேற்று வரை 40 மில்லிசெகண்டில் முடிந்த ஸ்கேன் இன்று ஏன் 200-ஐத் தாண்டியது என்று தேடுங்கள். புதிதாகச் சேர்த்த ஒரு லூப், அல்லது பின்னோக்கிக் குதிக்கும் ஒரு ஜம்ப் அங்கே இருக்கும்.

சீமென்ஸ் எஸ்7-300-இல் எஸ்எஃப் சிவப்பு எரிந்து சிபியூ ஸ்டாப்பில் இருந்தால் டயக்னாஸ்டிக் பஃபரைத் திறங்கள். ஓபி 121, 122, 86 என்று ஏதாவது ஒரு ஓபி (ப்ரோக்ராம் பிளாக்) ஏற்றப்படவில்லை என்ற வரி இருந்தால், ஒரு சின்னக் கோளாறு வந்து, அதைக் கையாள வேண்டிய பிளாக் இல்லாததால் சிபியூ நின்றிருக்கிறது. காலி ஓபியைப் போட்டு ஓட்டலாம்தான். ஆனால் ப்ராஃபிபஸ் நெட்வொர்க்கில் உள்ள ஒரு ஸ்லேவ் யூனிட் அறுந்ததால் ஓபி 86 கேட்டது என்றால், அந்த ஸ்லேவ் இல்லாமலேயே மெஷின் ஓடும். அது ஆபத்தா இல்லையா என்று மெஷினைத் தெரிந்தவரிடம் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

புத்தம்புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த லாஜிக்ஸ் கண்ட்ரோலர் சிவப்பு சிமிட்டுகிறதா? அது கோளாறே இல்லை, ஃபர்ம்வேர் (கண்ட்ரோலரின் உள் சாஃப்ட்வேர்) ஏற்ற வேண்டும்.

## அறிகுறி: சிவப்பு நிலையாக எரிகிறது

இங்குதான் நான்-ரெக்கவரபிள் (மீட்க முடியாத) ஃபால்ட் ஆரம்பிக்கிறது. ஆனாலும் அவசரம் வேண்டாம். லாஜிக்ஸ் எல்7 வகையில் பவர் கொடுத்தவுடன் சுயபரிசோதனை முடியும்வரை சிவப்பு நிலையாக நிற்கும். ஆஃப் செய்த பிறகும் உள்ளே இருக்கும் கபாசிட்டர் காலியாகும்வரை சிவப்பு எரியும். இரண்டும் இயல்புதான். பவர் கொடுத்து ஓரிரு நிமிடம் காத்திருந்தும் மாறவில்லை என்றால்தான் ஃபால்ட்.

வீடியோ எடுத்தாயிற்று, கோடு கிடைத்தால் குறித்தாயிற்று என்றால் இப்போது ஒரே ஒரு தடவை பவரை ஆஃப் செய்யுங்கள். அரை நிமிடமாவது விட்டு ஆன் செய்யுங்கள். ஆஃப்-ஆன், ஆஃப்-ஆன் என்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். வயதான எஸ்எம்பிஎஸ் அந்தத் தட்டலிலேயே போய்விடும். அப்புறம் கோளாறு ஒன்றுக்கு இரண்டாகும்.

இப்போது மூன்று வழி பிரிகிறது.

### எழுந்துவிட்டது, ப்ரோக்ராமும் இருக்கிறது

ஓடட்டும். ஆனால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள். அப்புறம் கீழே “திரும்பத் திரும்ப வருகிறது” பகுதிக்குப் போங்கள், ஏனென்றால் அது வரப்போகிறது.

### எழுந்துவிட்டது, ஆனால் ப்ரோக்ராம் இல்லை

லாஜிக்ஸ் கண்ட்ரோலர்களில் இது நடக்கும். தன் மெமரியையே நம்ப முடியாத நிலை வந்தால் கண்ட்ரோலர் ப்ராஜெக்டை அழித்துவிட்டு நிற்கும். டைப் 1 கோடு 60 என்றால் மெமரி கார்டு இல்லாத நிலையில் இது நடந்திருக்கிறது. கோடு 61 என்றால் கார்டு இருந்தது, கண்டறிந்த விவரத்தைக் கார்டில் எழுதிவிட்டு ப்ராஜெக்டை அழித்திருக்கிறது. கோடு 62 என்றால் எஸ்டி கார்டில் விவரம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் ரன்னுக்குப் போகாது. 61, 62 வந்தால் அந்தக் கார்டை பத்திரமாக வையுங்கள். உற்பத்தியாளரின் சர்வீஸ் பிரிவுக்கு அது தேவைப்படும்.

செய்ய வேண்டியது: பவர் சைக்கிள் (ஆஃப்-ஆன்), டவுன்லோட் (லேப்டாப்பிலிருந்து ப்ரோக்ராமை ஏற்றுவது), ரன். சொல்ல மூன்று வார்த்தைதான். நடுவில் இருக்கும் ‘டவுன்லோட்’டுக்குத்தான் பேக்கப் வேண்டும், அங்கேதான் பல யூனிட்டுகள் மாட்டிக்கொள்கின்றன. பேனல் கட்டியவர் ஊரில் இல்லை, அவர் கொடுத்த சிடி கிடைக்கவில்லை, அலுவலக கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போது உங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் போய் பேக்கப் எடுங்கள். எல்லாவற்றிலும் மலிவான உதிரி பாகம் அதுதான்.

பேக்கப் இருந்தால் அடுத்து கவனிக்க வேண்டியவை:

கண்ட்ரோலரின் ஃபர்ம்வேர் எண்ணும் ப்ராஜெக்டின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பொருந்தாவிட்டால் சாஃப்ட்வேர் ஃபர்ம்வேரை மாற்றலாமா என்று கேட்கும். நடுவில் கரண்ட் போனால் கண்ட்ரோலரே பாழாகலாம். யூபிஎஸ் இல்லாமல் ‘யெஸ்’ (ஆம்) அழுத்தாதீர்கள்.

டவுன்லோட் செய்யும்போது டேகுகளின் (ப்ரோக்ராமில் பெயரிட்ட தரவுகளின்) மதிப்பும் ஃபைலில் இருப்பதே வரும். இரண்டு வருடத்துக்கு முன் சேமித்த ஃபைல் என்றால் பிஐடி ட்யூனிங், ரெசிபி, டைமர் செட்டிங், அனலாக் ஸ்கேலிங் எல்லாம் அன்றைய நிலைக்குத் திரும்பிவிடும். ஹெச்எம்ஐயில் தெரியும் எண்களை ஆபரேட்டரின் நோட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் ரன் போடாதீர்கள். பழைய செட்டிங்கில் ஓடிய டோஸிங் பம்ப் ஒரு டேங்க் சரக்கையே வீணாக்கிவிடும்.

ப்ரோக்ராம் முதல் ஸ்டெப்பிலிருந்து தொடங்கும், மெஷினோ பாதியில் நிற்கும். சிலிண்டர்களை மேனுவலில் ஹோமுக்குக் கொண்டுவந்த பிறகே ஆட்டோ.

எஸ்டி கார்டு போடும் வசதி உள்ள மாடல் என்றால், மெமரி கெட்டால் தானாகவே கார்டிலிருந்து ஏற்றிக்கொள்ளும்படி செட் செய்ய ஒரு தேர்வு இருக்கிறது. ‘ஆன் கரப்ட் மெமரி’ என்று அதற்குப் பெயர். இரவு ஷிப்டில் லேப்டாப் தெரிந்தவர் யாரும் இல்லாத யூனிட்டுக்கு இது பெரிய உதவி. மேலே சொன்ன பழைய மதிப்பு விஷயம் இதற்கும் பொருந்தும். ட்யூனிங் மாற்றும்போதெல்லாம் கார்டிலும் திரும்பச் சேமிக்க வேண்டும்.

மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூவில் ப்ரோக்ராம் காணாமல் போனால் ஃபால்ட்டைத் தேடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். அதில் ப்ரோக்ராம் இருப்பது பேட்டரியை நம்பியிருக்கும் ராமில். மெமரி கேசட் போடாத பேனல் என்றால், பேட்டரி விளக்கு பல மாதம் எரிந்தும் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டு, பொங்கல் விடுமுறையில் மெயினை ஆஃப் செய்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்தால் சிபியூ காலி. பழைய பேட்டரியின் கனெக்டரைக் கழற்றினால் 20 வினாடிக்குள் புதியதை மாட்டிவிட வேண்டும். கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது.

எஸ்7-300-இல் ஸ்டாப் விளக்கு மெதுவாகச் சிமிட்டினால் சிபியூ மெமரி ரீசெட் கேட்கிறது என்று அர்த்தம். ஸ்விட்ச்சை எம்ரெஸ் பக்கம் அழுத்திப் பிடியுங்கள். ஸ்டாப் விளக்கு இரண்டாவது முறை எரிந்து நிலைத்ததும் விட்டு, மூன்று வினாடிக்குள் மறுபடி அழுத்துங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்டினால் ரீசெட் நடக்கிறது. எம்எம்சி கார்டில் ப்ரோக்ராம் இருந்தால் அதிலிருந்து திரும்ப ஏறிவிடும். இரண்டு விஷயத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்: பவர் இருக்கும்போது எம்எம்சியைப் பிடுங்கக் கூடாது, அதைச் சாதாரண கார்டு ரீடரில் போட்டு விண்டோஸில் ஃபார்மேட் செய்யக் கூடாது. செய்தால் அந்தக் கார்டு சிபியூவுக்கு உதவாது.

### எழவே இல்லை, அல்லது எல்லா விளக்கும் ஒன்றாகச் சிமிட்டுகின்றன

எஸ்7-300-இல் எல்லா விளக்கும் சேர்ந்து சிமிட்டினால் சிபியூவுக்கு உள்ளேயே கோளாறு. ஓம்ரானில் எரர்-அலாரம் விளக்கு நிலையாக எரிந்து, சாஃப்ட்வேரிலும் கனெக்ட் ஆகவில்லை என்றால் அதுவும் ஏறத்தாழ அதே கதைதான்.

இருந்தாலும் சிபியூவைக் கைவிடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பவரை ஆஃப் செய்து, எல்லா ஐஓ கார்டையும் கம்யூனிகேஷன் கார்டையும் கழற்றி, சிபியூவையும் பவர் சப்ளையையும் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். எழுந்துவிட்டால் கழற்றிய கார்டுகளில் ஒன்றுதான் பேக்பிளேனை (கார்டுகளை ஒன்றாக இணைக்கும் பொது வழியை) இழுத்துப்போடுகிறது. ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் பவரை ஆஃப் செய்துவிட்டு. கண்ட்ரோல்லாஜிக்ஸ் 1756 ரேக்கில் பவர் இருக்கும்போதே கார்டு கழற்றலாம் என்று சொல்வார்கள், அது சரிதான். ஆனால் காம்பாக்ட்லாஜிக்ஸ் 1769-இலும் சாதாரண எஸ்7-300 ரேக்கிலும் அந்த வசதி கிடையாது. பழக்கத்தில் கை நீண்டால் ஒரு கோளாறு நாலாகும். காம்பாக்ட்லாஜிக்ஸில் கடைசி கார்டின் வலப்பக்க எண்ட் கேப் திரும்ப ஏறியிருக்கிறதா, கார்டுகளின் லீவர் முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தனியாகவும் எழவில்லையா? சப்ளையை மாற்றி ஒரு தடவை. அப்போதும் இல்லை என்றால் சிபியூ போயிற்று. கார்டு ரிப்பேர் செய்பவர்கள் ரிச்சி தெருப் பக்கம் இருக்கிறார்கள். நிறுத்திப்போட்ட பழைய மாடல் என்றால் முயற்சி செய்யலாம். எஸ்7-300 விஷயத்தில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். அதன் தயாரிப்பைச் சீமென்ஸ் படிப்படியாக நிறுத்தி வருகிறது, உதிரி பாகமாகவும் கொஞ்ச காலம்தான் கிடைக்கும். ஒரு சிபியூ போன உடனே, மொத்தமாக எஸ்7-1500-க்கு எப்போது மாறுவது என்று முதலாளியிடம் பேசிவிடுங்கள்.

## அறிகுறி: சரியாகிறது, திரும்பத் திரும்ப வருகிறது

என் வேலையில் முக்கால்வாசி இதுதான். நேரம் எடுப்பதும் இதுதான். இங்கே சிபியூ குற்றவாளி இல்லை, சாட்சி. எப்போது வருகிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

### ஈபி போய் ஜெனரேட்டர் மாறும்போது

24 வோல்ட்டை அளக்கும்போது மெஷின் சும்மா நிற்கையில் அளந்து, 24.1 இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. எல்லா சோலனாய்டும் (வால்வை இயக்கும் காயில்) இழுக்கும் நேரத்தில் சிபியூவின் டெர்மினலிலேயே வைத்து அளங்கள். 24 வோல்ட்டில் ஓடும் சிபியூக்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் கொடுக்கும் எல்லை 20.4 முதல் 28.8 வோல்ட். மீட்டரில் மினிமம்/மேக்ஸிமம் வசதி இருந்தால் அதைப் போட்டு ஒரு ஷிப்ட் விட்டுப் பாருங்கள். மினிமம் எண் 20.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் மீட்டரை ஏசி ரேஞ்சுக்குத் திருப்பி அதே இரண்டு முனையில் வையுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்சில் சில பத்து மில்லிவோல்ட்தான் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் உள்ளே கபாசிட்டர் காய்ந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ்சை மாற்றுங்கள். சிபியூவுக்கும் சோலனாய்டுகளுக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ் என்றால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். சிபியூ பக்கத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தால் ஜெனரேட்டர் மாற்றம் அதற்குத் தெரியவே தெரியாது.

### ஒரு குறிப்பிட்ட காண்டாக்டரோ வால்வோ இழுத்து விடும்போது

காயில் ஆஃப் ஆகும் நொடியில் திருப்பி அடிக்கும் வோல்டேஜ். டிசி காயில் என்றால் குறுக்கே 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். ஏசி காயில் என்றால் ஆர்சி ஸ்னப்பர், 0.1 மைக்ரோஃபாரட், 100 ஓம் என்று கேட்டால் கடையில் கிடைக்கும். பேனலில் வைக்காமல் காயில் பக்கத்திலேயே வையுங்கள். டீச் செலவில் முடிகிற இந்த வேலைக்குப் பதிலாக சிபியூ மாற்றியவர்களை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது.

டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஓடும்போது மட்டும் வந்தால்: மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே ட்ரேயில் போகிறதா? ஒரு அடியாவது தள்ளுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும். மோட்டார் கேபிளின் ஷீல்டு எர்த் ஆகியிருக்கிறதா? பேனலின் எர்த் வயரை இழுத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் லக் அரித்து, பார்க்க நன்றாக இருந்தும் இழுத்தால் கையோடு வந்துவிடும்.

### மத்தியானம் மட்டும்

கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால், தகரக் கூரைக்குக் கீழே, டிரைவும் எஸ்எம்பிஎஸ்சும் சேர்ந்து இருக்கும் பேனலுக்குள் 55-ஐத் தாண்டுவது சுலபம். பிஎல்சிகளின் எல்லையே பொதுவாக 55 அல்லது 60 தான். ஃபேன் சுற்றுகிறதா, ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா, சிபியூவுக்கு மேலும் கீழும் இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேனல் கதவைத் திறந்து வைத்து ஃபேனைக் காட்டுவது தற்காலிகமாகக்கூட வேண்டாம். மணலி, எண்ணூர் பக்கம் அந்தக் காற்றில் வருவது வேறு விதமான சேதம்.

### எப்போது என்றே சொல்ல முடியவில்லை

கடலிலிருந்து கிட்டத்தில் இருக்கும் யூனிட் என்றால் நேராக கனெக்டருக்குப் போங்கள். காசிமேடு பக்கம் ஓர் ஐஸ் ஆலையில் வாரத்துக்கு ஒருமுறை கண்ட்ரோலர் சிவப்பாகி நிற்கும், பவர் போட்டால் எழும். சப்ளை சரி, எர்த் சரி. கார்டுகளைக் கழற்றி, கார்டுகளுக்கு நடுவே உள்ள பஸ் கனெக்டரை டார்ச் அடித்துப் பார்த்தபோது, பொன்னிறமாக இருக்க வேண்டிய பின்களின் அடியில் நீலப்பச்சையாக மாவு பூத்திருந்தது. கம்ப்ரசர் ரூமிலிருந்து கசிந்த அம்மோனியாவும் கடல் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்ற தடம் அது. நகத்தால் தொட்டால் உதிரும். கேபிள் என்ட்ரி ஓட்டைகளில் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் மூடி) இல்லாமல் சும்மா பஞ்சு அடைத்திருந்தார்கள். வாயு வந்த வழி அதுதான்.

லேசான பூப்பு என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் போதும். நன்றாக உலர்ந்த பிறகு பவர். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை பேக்பிளேனில் அடிக்காதீர்கள், அதில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். பின் மெலிந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, அந்தக் கார்டையோ பஸ் கனெக்டரையோ மாற்ற வேண்டும். கிளாண்டைப் போட்டு அடைக்காமல் கிளம்பினால் புதிய கார்டுக்கும் அதே கதிதான்.

## அறிகுறி: டவுன்லோட் ஆகிறது, ரன் போட்டதும் அதே ஃபால்ட்

ஹார்டுவேர் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு காலி ப்ராஜெக்டை ஏற்றி ரன் போடுங்கள். அது ஓடினால் சிபியூ நன்றாக இருக்கிறது, உங்கள் ப்ரோக்ராமிலோ அது கேட்கும் ஏதாவது ஒரு கார்டிலோ விஷயம் இருக்கிறது. உண்மையான ப்ராஜெக்டைத் திரும்ப ஏற்றி, கார்டுகளை ஒவ்வொன்றாக சாஃப்ட்வேரில் இன்ஹிபிட் செய்து (தற்காலிகமாக விலக்கி) பாருங்கள். அதற்கு முன் மோட்டார் ஐசொலேட்டர்கள் பூட்டியே இருக்கின்றனவா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

காலி ப்ராஜெக்டிலும் நின்றால் சிபியூவோ பேக்பிளேனோ. ஸ்பேர் சிபியூ இருந்தால் அதைப் போட்டுப் பார்ப்பதுதான் சீக்கிரமான வழி. ஆனால் மேலே சொன்ன சப்ளை பரிசோதனையை முடித்துவிட்டு. கெட்ட சப்ளையில் ஒரே ஸ்பேரையும் கொண்டுபோய் மாட்டாதீர்கள்.

## அறிகுறி: பேனலுக்குள் தண்ணீர் போயிருந்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்து நின்றது. அந்த மாதிரி நனைந்த பேனலில் “காய்ஞ்சிடுச்சு, ஆன் பண்ணிப் பார்க்கலாம்” என்பதுதான் பெரிய ஆபத்து. வெளியே காய்ந்திருக்கும், கார்டுக்குள்ளே உப்பும் எண்ணெயும் அப்படியே இருக்கும்.

பவர் கொடுக்காதீர்கள். முதலில் சிபியூவிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள்; ப்ரோக்ராம் போகுமே என்று யோசிக்க வேண்டாம், நனைந்த போர்டில் அந்தச் சின்ன வோல்டேஜே தடங்களை அரித்துக்கொண்டிருக்கும். மெமரி கார்டை எடுத்துத் தனியாகத் துடைத்து வையுங்கள். எந்தக் கார்டு எந்த ஸ்லாட்டில் என்று புகைப்படம் எடுத்துவிட்டுக் கழற்றி, கார்டு ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, நிதானமாக உலர்த்துவார். ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டாதீர்கள். தண்ணீர் மட்டம் எதுவரை ஏறியது என்று பேனல் கதவில் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவை பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, கீழே இருந்த எஸ்எம்பிஎஸ்சுக்குக் காப்பீட்டில் எழுதிவிடுங்கள்.

## எங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

பாய்லர், பர்னர், கேஸ் சம்பந்தப்பட்ட கண்ட்ரோலர், மஞ்சளோ சிவப்போ நிறத்தில் வரும் சேஃப்ட்டி பிஎல்சி: கோடைக் குறிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. கிளியர் செய்வதும் டவுன்லோட் செய்வதும் அதற்குத் தகுதி பெற்றவரின் வேலை. சேஃப்ட்டி ப்ரோக்ராமைத் திரும்ப ஏற்றினால் எமர்ஜென்சி ஸ்டாப், பாதுகாப்புக் கதவு ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மணலியில் எரிவாயுவும் சால்வென்டும் கையாளும் இடங்களில் பர்மிட் இல்லாமல் உயிருள்ள பேனலைத் திறக்கவே வேண்டாம். ஃபால்ட் காத்திருக்கும்.

வாரண்டி இருக்கும் சிபியூ, பேக்கப் இல்லாத சிபியூ, பாஸ்வேர்டு போட்ட ப்ரோக்ராம், ஒரு தடவை பவர் சைக்கிளுக்குப் பிறகும் டைப் 1 ஃபால்ட்டே திரும்ப வரும் லாஜிக்ஸ் கண்ட்ரோலர் இவற்றையும் நோண்டாதீர்கள். கூப்பிடும்போது அவருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டியவை: விளக்குகளின் வீடியோ, சிபியூவின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ள முழு கேட்டலாக் எண்ணும் சீரீஸ் எழுத்தும், ஃபர்ம்வேர் எண், ஃபால்ட் கோடு, லோடில் அளந்த 24 வோல்ட், கையில் இருக்கும் கடைசி பேக்கப்பின் தேதி, அப்புறம் ஆபரேட்டர் சொன்னது அப்படியே. சீரீஸ் எழுத்து தெரியாமல் கிளம்பினால் பொருந்தாத ஃபர்ம்வேரோடு வந்து இறங்குவார், அன்றைய ஷிப்டும் போய்விடும்.